எட்ச் பார்ட் மடிக்க பிளேடா, பிளையரா, பெண்டரா

போன மாசம் 1/35ல, அதாவது நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு சைஸ்ல, ஒரு பன்ஸர் 4 டேங்க் மாடலுக்கு பித்தளை ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வர்ற மட்கார்டு) மடிச்சுக்கிட்டு இருந்தேன். எட்ச் பார்ட்னா இந்த மாதிரி மாடலுக்கு வர்ற, கரைசலால அரிச்சு செஞ்ச மெல்லிசு மெட்டல் தகடு. நிஜ வண்டியோட ஹல் (உடல்) நீளம் 5.9 மீட்டர் சொச்சம், 35ஆல வகுத்தா கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர், ஃபெண்டரும் ஏறக்குறைய முன்னாடிலேந்து பின்னாடி வரைக்கும் ஒரே தகடு. என் பெண்டரோ, அதாவது தகட்ட இறுக்கிப் பிடிச்சு மடிக்க உதவற டூல், 10 சென்டிமீட்டர்தான். சரி பாதி பாதியா மடிச்சு சமாளிச்சிரலாம்னு ஒரு முனைய கிளாம்ப் பண்ணி ஓரத்த தூக்கினேன், அப்புறம் தள்ளி வச்சு மறு முனைய தூக்கினேன், ரெண்டு மடிப்பும் நடுவுல சந்திக்கிற எடத்துல தகடு ஒரு சுளுக்கு சுளுக்கிக்கிச்சு பாருங்க, பிள்ளையார் பிடிக்க குரங்கா போன கதைதான். அந்த சுளுக்க விரலால அமுக்கினா ஒரு சென்டிமீட்டர் தள்ளி போய் உக்காந்துக்குது, அங்க அமுக்கினா பழைய எடத்துக்கே திரும்பி வருது, ஒரு ராத்திரி பூரா அதோட மல்லுக்கட்டி கடைசில அந்த ஃபெண்டர தூக்கி ஸ்க்ராப் டப்பால போட்டேன்.

இத ஏன் சொல்றேன்னா, எட்ச் பார்ட்டுக்கு என்ன டூல் வாங்கலாம்னு கேக்கறவங்க எல்லாரும் "எது நல்ல டூல்"னுதான் ஆரம்பிக்கறாங்க. என்கிட்ட இருந்தது மோசமான டூல் இல்ல, அந்த பார்ட்டுக்கு பொருந்தாத டூல், அவ்ளோதான். அதனால டூல்ல ஆரம்பிக்காம தகட்டுல ஆரம்பிப்போம்.

எட்ச் தகடு எப்டி செய்யறாங்கன்னு தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிரும். மெல்லிசான மெட்டல் ஷீட், பெரும்பாலும் பித்தளை, சில செட்டுல நிக்கல் சில்வர் இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கனம் 0.1லேந்து 0.3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். ரெண்டு பக்கமும் வெளிச்சத்துக்கு மாறுற பூச்சு குடுத்து, மேல டிசைன் ஃபிலிம வச்சு புற ஊதா வெளிச்சம் காட்டி, பூச்சு நிக்காத எடத்துல ஃபெரிக் குளோரைடு மாதிரி ஒரு கரைசல் அரிக்க விடுவாங்க. ரெண்டு பக்கமும் திறந்து இருக்கற எடம் முழுசா அரிச்சு ஓட்டையாயிரும், ஒரு பக்கம் மட்டும் திறந்து இருக்கற எடம் பாதி ஆழத்தோட நின்னுரும். அந்த பாதி ஆழ வரிதான் நம்ம மடிப்புக் கோடு. 0.2 மில்லிமீட்டர் தகடுன்னா அந்த கோட்டுல மிச்சம் இருக்கறது சுமாரா 0.1தான், அதனால மடியணும்னு ஒரு தள்ளு தள்ளினா தகடு தானா அங்கதான் மடியும், வேற எங்கயும் இல்ல.

அப்படின்னா டூல் எதுக்கு? இதுதான் எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்ச விஷயம். மடிக்கிற வேலைய கோடு பாத்துக்குது, டூலோட வேலை மத்த எடம் வளையாம பிடிச்சுக்கறது. நல்லா பிடிச்சா விரல் நகத்தாலயே மடிக்கலாம், பிடி சரியில்லன்னா தங்கத்துல செஞ்ச டூல் இருந்தாலும் தகடு வாழை மட்ட மாதிரி வளைஞ்சுதான் வரும். ஆக பிளேடு, பிளையர், பெண்டர் மூணையும் ஒரே கேள்விலதான் எட போடணும்: எவ்ளோ நீளத்த, எவ்ளோ சமமா, எவ்ளோ நேரம் கை நடுங்காம பிடிச்சுக்கும்?

முதல்ல பிளேடு, ஏன்னா அது ஏற்கனவே உங்க மேசைல இருக்கு.

ஒரு துண்டு கண்ணாடி இல்லன்னா வழவழன்னு ஒரு தரை டைல், ஒரு ஸ்டீல் ஸ்கேல் (நம்ம ஹாபில 1/35ம் ஸ்கேல், இதுவும் ஸ்கேல், என்ன பண்றது), ஒரு பிளேடு. தகட்ட டைல் மேல மடிப்புக் கோடு மேல தெரியற மாதிரி வச்சு, கோட்ட ஒட்டி ஸ்கேல வச்சு இடது கையால அமுக்கி, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பக்கத்துக்கு அடில பிளேட செருகி மெதுவா தூக்கணும். செருகறதுக்கு எந்த பிளேடுங்கறதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. ரெண்டு பக்கம் கூரா இருக்கற ஷேவிங் பிளேடு 0.1 மில்லிமீட்டர்தான், அதனால அடில சுலபமா போயிரும், ஆனா தூக்கும்போது அதுவே வளையும். முதுகுல தடியா ஒரு பட்டை இருக்கற ஒரு பக்க பிளேடு 0.23 மில்லிமீட்டர், அது வளையாது, நீளமான மடிப்புக்கு அதுதான் சரி. நான் முதல்ல மெல்லிச செருகி ஒரு அம்பது டிகிரி மாதிரி தூக்கிட்டு அப்புறம் தடிச்சத மாத்தி முடிப்பேன். இன்னும் நீளமா வேணும்னா பெயிண்டர் பட்டி பாக்கற அகல பிளேடு கூட ஓகே, ஓரம் நேரா மட்டும் இருக்கணும்.

கட்டிங் மேட் மேல மட்டும் இத செய்யாதீங்க. மேட் மெத்து மெத்துன்னு இருக்கும், அமுக்கற அழுத்தத்துல தகடு உள்ள போய் நடுவுல லேசா குழி விழும், முதல்ல தெரியாது, ப்ரைமர் அடிச்சதும்தான் பல்ல காட்டும். ஃப்ரேம்லேந்து பார்ட்ட வெட்டி எடுக்கறதுக்கும் இதே கதைதான், கெட்டியான தரைல பிளேட மேலேந்து கீழ அழுத்தி வெட்டணும், மேட்ல வெட்டினா வெட்டற எடத்துல தகடு கீழ்நோக்கி மடங்கிரும். வெட்டும்போது பார்ட் மேல ஒரு துண்டு டேப் ஒட்டிக்கங்க, இல்லன்னா "டிங்"னு ஒரு சத்தம் கேக்கும், அப்புறம் நீங்க தரைல முட்டி போட்டு டார்ச் அடிச்சு தேடிக்கிட்டு இருப்பீங்க. கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கறதும் நல்லது, அந்த டிங் எந்த பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது.

பிளேடு முறை எங்க தோக்குதுன்னா நீளத்துல. மூணு நாலு சென்டிமீட்டர் வரைக்கும் கை அழுத்தம் சமமா போகும், அதுக்கு மேல ஸ்கேலோட ரெண்டு முனைல ஒண்ணு தூக்கிக்கும், இல்லன்னா மொத்தமா வழுக்கி கோட்ட விட்டு அரை மில்லி நகர்ந்துரும். ஸ்கேலுக்கு அடில மாஸ்கிங் டேப் ஒட்டினா வழுக்கறது குறையுது. ஆனா ஒரு கை அமுக்க, ஒரு கை தூக்க, ரெண்டும் பிஸி, தகட்ட திருப்பிப் பாக்க மூணாவது கை நமக்கு இல்ல. இன்னொரு பிரச்சனை பெட்டி மாதிரி வர்ற பார்ட். ரெண்டு பக்கம் தூக்கியாச்சுன்னா மூணாவது பக்கத்துக்கு ஸ்கேல் உள்ள போகாது, ஸ்கேலோட அகலம் பெட்டியோட அகலத்த விட பெருசு. அங்க சின்ன உளி பிளேடு, இல்ல அளவா வெட்டின பிளாஸ்டிக் துண்டு எதாவது வச்சு ஒப்பேத்தணும்.

அடுத்து பிளையர்.

வீட்டு டூல் பாக்ஸ்ல கெடக்கற நோஸ் பிளையர இதுக்கு எடுக்காதீங்க. வாய்க்குள்ள பல்லு பல்லா இருக்கும், பித்தளைல கடிச்ச தடம் அப்டியே பதியும், அரத்தால ராவினாலும் முழுசா போகாது, ஏன்னா ராவறதுக்கு தகட்டுல கனமே கெடையாது. ரெண்டாவது, அதோட வாய் ஓரம் உருண்டு இருக்கும், அதனால கோட்டுக்கு பக்கத்துல ஒட்டி பிடிக்க முடியாது. எட்ச் பார்ட்டுக்குன்னே வர்ற பெண்டிங் பிளையர், மாடல் கிட் கம்பெனி தமியா கூட ஒண்ணு விக்கறாங்க, அதோட வாய் வழவழன்னு தட்டையா, ஓரம் நறுக்குன்னு இருக்கும். வித்தியாசம் அந்த ஓரத்துலதான். கோட்டுக்கு நேரா வாயோட ஓரத்த வச்சு பிடிச்சு, வெளிய நிக்கற பக்கத்த டைல் மேல வச்சு அமுக்கினா பளிச்சுன்னு 90 டிகிரி வந்து நிக்கும்.

பிளையரோட பலம் சின்ன சமாச்சாரம். 1/48 விமானத்துக்குள்ள போற த்ராட்டில் லீவர், சீட்டோட பக்கத் தகடு, டேங்க் மேல டூல் மாட்டற கிளாம்ப், இந்த மாதிரி ரெண்டு மூணு மில்லி ஐட்டத்துக்கு பெண்டர எடுத்து திருகி திறந்து செட் பண்றதுக்குள்ள பிளையர் அஞ்சு மடிப்பு முடிச்சிரும். ஃப்ரேம்லேந்து வெட்டி எடுக்காம, ஃப்ரேமையே கைப்பிடியா வச்சுக்கிட்டு அப்டியே மடிக்கவும் முடியும், பார்ட் பறக்கற பயம் இல்ல. அப்புறம் 180 டிகிரி மடிப்பு, அதாவது கனம் கூட்டறதுக்கு தகட்ட தன் மேலயே மடிச்சு ஒட்டற வகை, அதுக்கு பிளையர மிஞ்ச ஆள் இல்ல. 90 வரைக்கும் எதால வேணா கொண்டு வாங்க, மிச்சத்த பிளையர் வாய்ல முழுசா வச்சு நசுக்கினா ஒட்டிக்கிட்டு உக்காந்துரும். ஒரு கவனம், சாதா மடிப்புல கோடு உள்பக்கம் வரும், ஆனா இந்த இரட்டை மடிப்புல பெரும்பாலும் கோடு வெளிப்பக்கம், அதனால வரைபடத்த ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துட்டு மடிங்க.

பிளையர்ல குறைன்னு பாத்தா, அது கத்திரிக்கோல் மாதிரி ஒரு மையத்துல திறக்கற பொருள். வாய் முழுக்க ஒரே அளவு அழுத்தம் வர்றது ஒரே ஒரு திறப்புல மட்டும்தான், மத்தபடி அடிவாய்ல இறுக்கமா நுனில லூஸா, இல்லன்னா தலைகீழா இருக்கும். மெல்லிசு தகட்டுக்குன்னு செஞ்சது அந்த கனத்துல சரியா மூடற மாதிரி இருக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி மூடிப் பிடிச்சு லைட்டுக்கு எதிரா பாருங்க, வெளிச்சம் கீத்தா தெரிஞ்சா அது உங்களுக்கு வேணாம். ரெண்டு வாயும் எப்பவும் இணையாவே நகர்ற பேரலல் பிளையர்னு ஒரு வகை இருக்கு, நகை வேலை செய்யறவங்க நிறைய பயன்படுத்துவாங்க, அதுல இந்த தொல்லை கிடையாது, ஆனா வாய் ஓரம் கூரா இருக்கறது கிடைக்கணும். நீளத்துல பிளையரும் பிளேடு மாதிரியேதான், வாயோட அகலத்த தாண்டினா ஆட்டம் க்ளோஸ். ஆறு சென்டிமீட்டர் மடிப்ப பிளையரால கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு கடிச்சு மடிச்சா ஓரம் அலை அலையா வரும், கடல் டியோராமாவுக்கு (சின்ன சைஸ் காட்சி மாடல்) வேணா உதவும்.

இப்ப பெண்டர். ஸ்மால் ஷாப்போட ஹோல்ட் அண்ட் ஃபோல்ட், மிஷன் மாடல்ஸோட எட்ச் மேட், இந்த பேரெல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த மாடல பாத்து பல கம்பெனி சின்னதும் பெருசுமா விக்கறாங்க. பெரும்பாலும் அமைப்பு ஒண்ணுதான். அடில ஒரு தட்டையான மெட்டல் பலகை, மேல அமுக்கற ஒரு தகடு, நடுவுல ஸ்க்ரூ, ஸ்க்ரூவ லூஸ் பண்ணா மேல்தகட்ட தூக்கி விட ஒரு ஸ்ப்ரிங். மேல்தகட்டோட ஒரு பக்கம் நேரான நீள ஓரம், மறு பக்கம் வேற வேற அகலத்துல விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்கும். நேர் ஓரம் நீள மடிப்புக்கு, விரல்கள் பெட்டிக்கு.

அந்த விரல்தான் பெண்டருக்கு காசு குடுக்கறதுக்கான காரணம்னு நான் சொல்லுவேன். ஒரு 1/35 டூல் பாக்ஸ எடுத்துக்கங்க, அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு அரை சென்டிமீட்டர், சுத்தி நாலு பக்கம், பக்கங்களோட ஓரத்துல அரை மில்லிக்கு சின்ன உதடு. மடிக்கிற வரிசை உதட்டுலதான் ஆரம்பிக்கணும், பக்கங்கள தூக்கிட்டா அப்புறம் உதட்ட பிடிக்க எடமே இருக்காது. உதடு முடிஞ்சதும் நீளமான ரெண்டு பக்கத்த நேர் ஓரத்துல வச்சு தூக்கணும். இப்ப பெட்டி ஒரு வாய்க்கால் மாதிரி நிக்குது. இதுக்குள்ள சரியா போற விரல தேடி, வாய்க்கால் உள்ள விட்டு அடிப்பக்கத்த அமுக்கி, குறுகலான ரெண்டு பக்கத்த பிளேடால தூக்கினா நாலு மூலையும் வந்து முட்டும். விரல் ரொம்ப ஒல்லியா இருந்தா அடிப்பக்கம் சுருளும், அகலமா இருந்தா உள்ளயே போகாது. அதனால பெண்டர் பாக்கும்போது மொத்த நீளத்த பாத்து மயங்காம, எத்தன விரல் இருக்கு, எவ்ளோ ஒல்லி வரைக்கும் இருக்கு, விரல் எவ்ளோ ஆழம் உள்ள போகுதுன்னு பாருங்க, ஆழம் கம்மின்னா உயரமான பெட்டிய செய்யவே முடியாது.

அப்புறம் பிடி. நான் முதல் முதல்ல வாங்கின பெண்டர் (பேர் வேணாம்) படத்துல பாத்தா விலை ஒசந்ததுக்கு அண்ணன் தம்பி மாதிரியே இருந்துச்சு. நடுவுல ஒரே ஸ்க்ரூ. நடுவுல இறுக்கினா ரெண்டு முனையும் மயிரிழை தூக்கிக்கிட்டு நின்னுச்சு, ஓரத்துல வச்ச தகடு பிடியே இல்லாம நழுவும், இன்னும் இறுக்கினா மேல்தகடு மொத்தமா சுத்திக்கிட்டு கோணல் ஆயிரும். ஒரு வாரம் என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன். அப்புறம் சிகரெட் தாள் கனத்துல ஒரு பேப்பர அஞ்சு பட்டையா நறுக்கி, மேல்தகட்டுக்கு அடில வரிசையா வச்சு ஸ்க்ரூவ இறுக்கிட்டு ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தேன், நடுவுல ரெண்டு கிழிஞ்சுது, ஓரத்துல மூணு சும்மா உருவிக்கிட்டு வந்துச்சு. அந்த டெஸ்ட்ட நீங்களும் பண்ணுங்க, வாங்கின அன்னைக்கே, திருப்பிக் குடுக்கற நாள் தாண்டறதுக்குள்ள. அஞ்சும் ஒரே மாதிரி இழுத்தா நல்ல பெண்டர்.

சரி செய்யவும் வழி இருக்கு. கண்ணாடி மேல மெல்லிசு உப்புத்தாள ஒட்டி, மேல்தகட்டோட அடிப்பக்கத்த அதுல வட்டம் வட்டமா தேய்க்கணும், மார்க்கர் பேனாவால கோடு கோடா கிறுக்கிட்டு தேய்ச்சா எங்க மேடு எங்க பள்ளம்னு கிறுக்கல் அழியறத வச்சே தெரியும். எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு, விரல் நுனி தேஞ்சு போச்சு, ஆனா பேப்பர் அஞ்சும் பிடிச்சுது. ஒரு ஸ்க்ரூ பிரச்சனை மட்டும் தீரல, அது பிறவிக் குணம். அதனால புதுசா வாங்கறவங்க ரெண்டு ஸ்க்ரூ, இல்லன்னா தகடு சுத்தாம தடுக்க கைடு பின் இருக்கறதா வாங்குங்க.

நீளத்த பொறுத்தவரைக்கும், சின்ன பெண்டர் 10 சென்டிமீட்டர் சுத்தி, பெருசு 20 வரைக்கும் வருது. பெருசு வாங்கினா எல்லாம் முடியும்னு தோணும், ஆனா பெருச வச்சுக்கிட்டு மூணு மில்லி பார்ட்ட மடிக்கறது நெல்லுக்குத்தற உலக்கையால பல்லு குத்தற மாதிரி. கனம் வேற, மேசைல ஒரு பக்கம் அடைச்சுக்கும். டேங்க் ஃபெண்டர், சைடு ஸ்கர்ட்டு மாதிரி நீள ஐட்டம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும்னா அதுக்கு பெரிய பெண்டர் தேவையே இல்ல. அந்த சுளுக்கின ஃபெண்டருக்கு அப்புறம் வேற செட்டுலேந்து இன்னொண்ண எடுத்து நான் என்ன பண்ணேன்னா, 20 சென்டிமீட்டருக்கு ரெண்டு அலுமினிய எல் ஆங்கிள் வெட்டி, ஓரத்த உப்புத்தாள்ல தேய்ச்சு நறுக்குன்னு பண்ணி, ரெண்டுக்கும் நடுவுல தகட்ட மடிப்புக் கோடு வெளிய எட்டிப் பாக்கற மாதிரி வச்சு, ரெண்டு முனைலயும் நடுவுலயும் சி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அப்புறம் அகல பட்டி பிளேட வச்சு மொத்த நீளத்தையும் ஒரே தள்ளா, ஒரு தடவ 30 டிகிரி, அடுத்த தடவ 60, அப்புறம் 90ன்னு தள்ளினேன். ஒரு சுளுக்கு இல்ல. எது அகலமான பக்கமோ அத கிளாம்ப்ல வைங்க, வளையக்கூடாதது அதுதான், குறுகலான ஓரத்த பிளேடு முழுசா தாங்கிக்கும்.

மெட்டல் எதுன்னு பாக்காம டூல் மேல பழி போடறதும் நடக்குது. பித்தளை நல்ல பிள்ளை, சொன்ன எடத்துல நிக்கும், 90க்கு ரெண்டு மூணு டிகிரி கூட தள்ளி விட்டா திரும்பி வந்து சரியா உக்காரும். ஸ்டெயின்லெஸ் அப்டி இல்ல, ஸ்ப்ரிங் மாதிரி திமிறும், அத பிளேடு ஸ்கேல் கூட்டணில மடிக்கறது கஷ்டம், நல்ல பிடி வேணும், அங்க பெண்டர் இல்ல பிளையர்தான். அடிக்கடி ஸ்டெயின்லெஸ் செட் வாங்கறவங்களுக்கு பெண்டரோட ஓரமும் ஸ்டீலா இருக்கறது நல்லது, அலுமினிய ஓரம் நாளடைவுல வடு வாங்கும்.

அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு கேப்பாங்க, பித்தளைகிட்ட அந்த பழமொழி செல்லாது, நெருப்புல காட்டினா எந்த வயசுலயும் வளையும். கேஸ் அடுப்பு தணல்லயோ மெழுகுவத்தி மேலயோ நிறம் மாறற வரைக்கும் சூடு காட்டி ஆற விட்டா இளகிரும், உருளையா சுத்தற பார்ட், சீட் பெல்ட் இதுக்கெல்லாம் அது ரொம்ப உதவி. ஆனா தட்டையா நிக்க வேண்டிய பார்ட்ட சூடு காட்டாதீங்க, தொட்டா சிணுங்கி ஆயிரும், மூச்சு விட்டாலே வளையும்னு வைங்களேன். எட்வார்ட் மாதிரி கம்பெனி கலர் அடிச்சே குடுக்கற செட்டயும் நெருப்பு பக்கம் கொண்டு போகக் கூடாது, கலர் கருகிரும், பிளையர்ல பிடிக்கும்போது கூட வாய்ல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுதான் பிடிக்கணும். ஸ்டெயின்லெஸ் மெழுகுவத்திக்கெல்லாம் மசியாது, அத இளக்க ஆயிரம் டிகிரி கிட்ட வேணும்.

உருளைக்கு மேல சொன்ன மூணு டூலும் பிரயோஜனம் இல்ல, மவுஸ் பேட் மேல தகட்ட வச்சு டிரில் பிட்டோட வழவழ தண்டால உருட்டணும், வேணுங்கற அளவ விட ஒல்லி பிட்டா எடுங்க, விட்டதும் கொஞ்சம் விரியும். அத தாண்டி இதப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

தப்பா மடிச்சத நிமித்தறதுலயும் டூலுக்கு டூல் வித்தியாசம் தெரியும். கோட்டுல இருக்கறது பாதி கனம், ஒவ்வொரு தடவ மடிச்சு நிமித்தும்போதும் மெட்டல் இறுகி மொறுமொறுப்பாகும், மூணாவது தடவைல ஒடிஞ்சாலும் ஆச்சரியம் இல்ல. பெண்டர்ல கிளாம்ப் பண்ணி இருக்கும்போதே கோணம் தப்புன்னு தெரிஞ்சா அங்கயே திருத்திரலாம், பிளேடுல பாதில கை எடுத்துட்டா திரும்ப அதே கோட்டுல ஸ்கேல உக்கார வைக்கறது பெரும்பாடு. மடிச்சு முடிச்ச மூலைக்கு உள்பக்கமா குண்டூசி நுனில சூப்பர் க்ளூ தொட்டு ஒரு கோடு இழுத்து விடுங்க, இடுக்குக்குள்ள தானா ஓடி நிரப்பிரும், ஈயம் பத்த வைக்கத் தெரிஞ்சவங்க அதையே பண்ணலாம், இன்னும் கெட்டி.

இப்ப யாரு என்ன வாங்கறது. முதல் எட்ச் செட் கைல வச்சுக்கிட்டு முழிக்கறவங்க ஒண்ணும் வாங்க வேணாம், டைல், ஸ்கேல், பிளேடு வச்சு ஒரு கிட் முடிங்க, ஃப்ரேமோட ஓரத்துல மிச்சம் நிக்கற பித்தளைப் பட்டைல பழகுங்க, அது சும்மா குப்பைக்குத்தான் போகப்போகுது. 1/72, 1/48 விமானம் மட்டும் பண்றவங்களுக்கு பிளையர் ஒண்ணு போதும்னு அடிச்சு சொல்லுவேன், காக்பிட்டுக்குள்ள போற பார்ட்ல ரெண்டு சென்டிமீட்டர தாண்டற மடிப்பு அபூர்வம். பெண்டர் ஆசை இருந்தா அப்புறமா பாத்துக்கலாம். அகல பிளையரா ஒல்லி பிளையரான்னு கேட்டா முதல்ல அகலம் வாங்குங்க, ஒல்லி செய்யற வேலைல பாதிய தட்டை நுனி ட்வீசர் செஞ்சிரும்.

1/35 டேங்க், லாரி பக்கம் இருக்கறவங்கதான் பெண்டருக்கு நியாயமான கிராக்கி. அபேர், வாயேஜர் மாதிரி கம்பெனியோட எட்ச் செட்டுல ஒண்ண பிரிச்சா டூல் பாக்ஸ், ஜெர்ரிகேன் ஸ்டாண்டு, ஹெட்லைட் கார்டுன்னு பெட்டியும் ப்ராக்கெட்டுமா ஒரு ஊர்வலமே வரும். விரல் நிறைய இருக்கற 10லேந்து 14 சென்டிமீட்டர் பெண்டர், கூடவே ஒரு பிளையர். நீள ஃபெண்டருக்கு எல் ஆங்கிள். ரெண்டுல ஒண்ணுதான் இப்போதைக்கு முடியும்னா அப்பவும் நான் பிளையரத்தான் முதல்ல வாங்கச் சொல்லுவேன், ஏன்னா பெண்டர் வந்தப்புறமும் பிளையர் தினமும் கைல இருக்கும், பெண்டர் மட்டும் இருந்தா அந்த தம்மாத்தூண்டு கிளாம்ப்ப மடிக்க ட்வீசரோட போராடிக்கிட்டு இருப்பீங்க.

கப்பல்காரங்க தனி ரகம். உங்க மெயின் தலைவலி கைப்பிடி ரெயிலிங், நிஜத்துல ஒரு 1.1 மீட்டர் உயரம்னா 1/350ல மூணு மில்லிக்கு கொஞ்சம் கூட, 1/700ல ஒன்றரை மில்லி. அதுல மடிப்புக் கோடே பெரும்பாலும் கெடையாது, டெக் எங்க திரும்புதோ அங்க நீங்கதான் மடிக்கணும், அதனால பிரச்சனை பிடி இல்ல, அளவு. மாஸ்கிங் டேப்ப டெக் ஓரத்துல ஒட்டி, மூலை வர்ற எடத்துல பென்சில் குறி போட்டு, டேப்ப உரிச்சு டைல் மேல ஒட்டி, ரெயிலிங்க அதுக்குப் பக்கத்துல படுக்க வச்சு குறிக்கு நேரா பிளேட செங்குத்தா லேசா அழுத்திப் பிடிச்சு, இன்னொரு பிளேடால தூக்கினா மூலை அங்கயே விழும். மூலை தூணுக்கு ஒட்டி வர்ற மாதிரி பாத்துக்கங்க, ரெண்டு தூணுக்கு நடுவுல மடிச்சா கம்பி தொங்கும். இதுக்கு பெண்டர் வாங்கற காசுல லைட்டோட வர்ற ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிக்கலாம், ஒன்றரை மில்லி ரெயிலிங்ல எந்தப் பக்கம் மேலன்னு கண்டுபிடிக்கவே அது வேணும்.